ரெண்டு ராத்திரி பூட்டி வைக்கணும்

ஜூன் 4

பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுறேன். இங்க எனக்கு ஒரு குறையும் இல்ல. அங்க நீ, மாப்பிள்ளை, உன் முழங்கால், மூணு பேரும் எப்படி இருக்கீங்கன்னு எழுது. தங்கச்சிக்கு அம்பது தாண்டிடுச்சு, இன்னும் பாப்பான்னு எழுதுறானேன்னு மாப்பிள்ளை சிரிப்பாரு. சிரிக்கட்டும். போன்ல பேசலாம்னா அந்த லாட்ஜ்ல துணி துவைக்கிற மெஷின் உன் காதைத் தின்னுடுச்சு. நான் ஒண்ணு கேட்டா நீ ஒண்ணு சொல்ற, நடுவுல ரெண்டு பேருக்கும் தொண்டை வறண்டு போகுது. அதான் கடுதாசி.

விஷயத்துக்கு வர்றேன். என் கார் நாறுது.

எந்தக் கார்னு கேக்காத, எனக்கு என்ன பத்துக் காரா இருக்கு? அதே வெள்ளைக் கார்தான். பின்னாடி இடது பக்கக் கண்ணாடி ஏத்தினா ஏறும், இறக்கினா பாதியிலயே நின்னுக்குமே, அதே. ஒருதரம் ஒரு மெக்கானிக் அதைச் சரி பண்றேன்னு கதவைப் பிரிச்சான். பிரிச்சவன் சாப்பிடப் போனான். சாப்பிடப் போன இடத்துல அவனுக்குப் பொண்ணு பாத்துட்டாங்க. கல்யாணம் முடிஞ்சு வந்துதான் கதவை மாட்டினான். கண்ணாடி மட்டும் அப்படியேதான் இருக்கு. எதுக்குச் சொல்ல வந்தேன்னா, நாத்தம். ஈரத்துணியைச் சுருட்டி மூலையில போட்டு ஒரு வாரம் மறந்துட்டா வருமே, அந்த மக்கின வாடை.

தினம் காலையில ஒரு பல் டாக்டரம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன். நாள் பூரா ஊரார் வாய்க்குள்ள மூக்கை விட்டு வேலை பாக்குறவங்க. அவங்க என் கார்ல ஏறினதும் கைக்குட்டையால மூக்கைப் பொத்துறாங்கன்னா பாத்துக்க. “டிரைவர் ஐயா, உள்ள ஏதாவது நனைஞ்சு கெடக்கா?”ன்னு கேட்டாங்க. இல்லம்மான்னேன். மறுநாளும் கேட்டாங்க. அதுக்கடுத்த நாள் கேக்கல, கண்ணாடியை இறக்கிட்டாங்க. கேட்டப்போ கூட பரவாயில்ல பாப்பா.

அந்தம்மா விட்டுட்டா, தினம் நிச்சயமா ஒரு சவாரின்னு எனக்கு வேற கெடையாது. டாக்சி ஸ்டாண்டுல இருக்கிறவங்க பேச்சைக் கேட்டு ஒரு வாசனை அட்டை வாங்கித் தொங்கவிட்டேன். ஈரத்துணிக்குப் பவுடர் அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. நீ இத்தனை வருஷமா லாட்ஜ்ல ரூம் ரூமா வாடை எடுக்கிறவ. ஒரு வழி சொல்லு.

பதிலை மகன் வீட்டுக்குப் போடாத, ஸ்டாண்டு விலாசத்துக்கே போடு. மகன் வீடு மூணாவது மாடி. தபால்காரருக்கு மூச்சு வாங்குது, பாவம்.

உன் அண்ணன்

ஜூன் 13

அண்ணனுக்கு,

கடுதாசி வந்துச்சு. முழங்கால் அப்படியேதான் இருக்கு, அதைத் தனியா விசாரிச்சதுக்கு அது சந்தோஷப்படுது. உன் மாப்பிள்ளைக்குக் குறட்டை கூடிடுச்சு. லாட்ஜ் வாசல்ல நாற்காலியில உக்காந்தபடியே தூங்குறாரு. வர்றவங்க ஜெனரேட்டர் ஓடுதுன்னு நினைச்சு, “கரண்டு இல்லையா?”ன்னு கேக்குறாங்க.

முதல்ல அந்த அட்டையைக் கழட்டி எறி. நாத்தத்து மேல வாசனை அடிக்கிறது எங்க முதலாளி பண்ற வேலை. வாடைக்குன்னு ஒரு இடம் இருக்கும், அது எங்கன்னு பாக்கணும். கால் வைக்கிற விரிப்பை எல்லாம் உருவி வெயில்ல போடு. அடியில ஒட்டியிருக்கிற கம்பளத்தைக் கையால அமுக்கிப் பாரு. டிக்கில ஸ்டெப்னிக்கு அடியில தண்ணி நிக்குதான்னு பாரு. ஏசி தண்ணி வெளிய போற குழாய் அடைச்சிருந்தா உள்ளயே சொட்டிக்கிட்டு இருக்கும். இங்க கோடி ரூம் அப்படித்தான் நாசமாச்சு. எது நனைஞ்சிருக்குன்னு எழுது, அதுக்கப்புறம்தான் மருந்து.

பேரன் தவழ ஆரம்பிச்சிட்டானா? மருமகளோட அம்மா இன்னும் அங்கதான் இருக்காங்களா? அந்த ரெண்டு ரூம்ல இத்தனை பேரும் எப்படிப் படுக்கிறீங்க? இதுக்கும் பதில் எழுது. கார் கதை மட்டும் எழுதாத.

தங்கச்சி

ஜூன் 25

பாப்பாவுக்கு,

சொகமா இருக்கேன். இருமல் மட்டும் கொஞ்சம் கூட வருது, அது எங்க போனாலும் என்னைக் கண்டுபிடிச்சு வந்துடும். உனக்கு வெந்நீர் ஒத்தடம் நடக்குதா?

நீ சொன்னபடி எல்லாத்தையும் உருவிப் போட்டேன். மார்க்கெட்டுக்குப் பின்னாடி நான் கார் நிறுத்துற சந்துல, சுவத்தோரம் வரிசையா காயப் போட்டேன். போறவங்க வர்றவங்க எல்லாம் விலை கேக்குறாங்க. சீட்டுக்கு அடியில என்னென்ன கெடந்துச்சுங்கிற? ஒரு புள்ளையோட ஒத்தைக் காலுறை, பல் போன சீப்பு, அப்புறம் ஒரு பல்லு. நெஜமாத்தான். பொய்ப்பல்லு. எடுத்துட்டுப் போய் டாக்டரம்மாகிட்ட காட்டினேன். “கீழ் வரிசை, இடது பக்கம். நல்ல வேலைப்பாடு, நான் செஞ்சதில்ல”ன்னாங்க. யாரோடதுன்னு எனக்குத் தெரியும். போன வருஷம் ஒருத்தர் ஏறினாரு, ஏறும்போது நல்லாப் பேசினாரு, இறங்கும்போது பேச்செல்லாம் காத்தாப் போச்சு. பொண்டாட்டியோட போன்ல ஒரே சண்டை. கோவத்துல பல்லைக் கழட்டி எறிஞ்சவரை நான் அப்பத்தான் பாத்தேன், அதுவும் இப்பத்தான் புரியுது. பல்லைப் பத்திரமா வச்சிருக்கேன். அந்த ஆள் இன்னொரு தடவை ஏறுவாரு.

ஆங், ஈரம். கம்பளம் காஞ்சுதான் இருக்கு. டிக்கி காஞ்சிருக்கு. ஏசி குழாயைக் கம்பி விட்டுக் குத்திப் பாத்தாச்சு, தண்ணி ஒழுங்கா வெளிய போகுது. ஒண்ணே ஒண்ணு. காலையில கண்ணாடி எல்லாம் உள்பக்கமா வேர்த்து நிக்குது. கூரைத் துணியைத் தொட்டா விரல்ல ஈரம் ஒட்டுது. மழையும் இல்ல, மேல ஓட்டையும் இல்ல. எனக்கு ஒண்ணும் புரியல.

பேரன் தவழ்றான்னு நினைக்கிறேன். லேசாத் தூங்குற புள்ளை அவன், நான் இருமினா முழிச்சுக்குவான். மருமக அம்மா அங்கதான் இருக்காங்க, நல்ல மனுஷி, யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. இடத்துக்கென்ன, ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் வேணும்?

அண்ணன்

ஜூலை 8

அண்ணனுக்கு,

இங்க எல்லாரும் இருக்கோம். இருமலுக்கு டாக்டர்கிட்ட போனியா? பல் டாக்டர்கிட்ட போனேன்னு எழுதாத.

“தவழ்றான்னு நினைக்கிறேன்”னா என்ன அர்த்தம்? கூடவே இருக்கிற பேரன் தவழ்றானா இல்லையான்னு நினைச்சுப் பாக்கணுமா, குனிஞ்சு பாத்தாப் போதாதா?

கூரைத் துணி ஈரம்னு எழுதியிருக்க. நான் மூணு தடவை படிச்சேன். இங்க ஜன்னலைத் தொறக்காம ஒரு ரூம்ல நாலஞ்சு பேரு படுத்துட்டுப் போனா, மறுநாள் சுவத்துல மேல்பக்கம்தான் வேர்த்திருக்கும். கீழ ஈரம்னா அது தண்ணி. மேல ஈரம்னா அது மூச்சு. சவாரி ஆளுங்களை உள்ள வச்சுப் பூட்டிட்டு எங்கயாவது போயிடுறியா? அப்படி இருந்தா கண்ணாடியை விரல் அளவு இறக்கி வை.

இப்போதைக்கு ஒண்ணு செய். சோடா உப்பு வாங்கி ராத்திரி சீட்டு பூராவும், முதுகு சாயிற இடத்துலயும் நல்லாத் தூவி விட்டுடு. அது வாடையை உறிஞ்சும். காலையில பிரஷ்ஷால கூட்டி எடு. மெத்தையில யாராவது எதையாவது கொட்டிட்டுப் போனா நாங்க அதைத்தான் செய்வோம்.

தங்கச்சி

ஜூலை 20

பாப்பாவுக்கு,

சொகம். நீயும் மாப்பிள்ளையும் சொகமா இருக்கணும்.

சோடா உப்பு போட்டேன். காலையில ஸ்டாண்டுக்கு வந்தா ஒரே சிரிப்பு. என் சட்டை முதுகு பூரா வெள்ளை, பின்தலையில வெள்ளை, ஒரு பக்கக் காதுலயும் வெள்ளை. “என்ன பெரியவரே, மாவு மூட்டையோட கட்டிப் புரண்டீங்களா?”ன்னு ஒருத்தன். “மூட்டையா இருந்தாச் சரி”ன்னு இன்னொருத்தன். நான் தெரியாம சீட்டுல சாஞ்சிட்டேன் போல இருக்கு. பாதி சோடா என் மேல வந்துடுச்சு, அதனால வாடையும் பாதிதான் போச்சு. கணக்குச் சரியாத்தான் இருக்கு.

அன்னைக்கு டாக்டரம்மா பின்சீட்டு வெள்ளையைப் பாத்துட்டு முன்னாடி வந்து உக்காந்தாங்க. கண்ணாடியெல்லாம் வேர்த்திருந்துச்சா, துடைக்கத் துணி இருக்கான்னு டேஷ்போர்டு பெட்டியைத் தொறந்துட்டாங்க. உள்ள என் பல் பிரஷ், சோப்பு டப்பா, ரேசர், ஒரு துண்டு. நான் ரோட்டைப் பாத்து ஓட்டினேன். அந்தம்மா பிரஷ்ஷைக் கையில எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. சிக்னல் விழுந்து பின்னாடி ஆரன் அடிக்கிறான், நான் நகரல. “டிரைவர் ஐயா, இதை எப்பவோ மாத்தியிருக்கணும். நாரெல்லாம் படுத்துடுச்சு”ன்னாங்க. அவ்வளவுதான். எடுத்த இடத்துலயே வச்சு, பெட்டியை மெதுவா மூடிட்டாங்க. மறுநாள் இறங்கும்போது சீட்டுல ஒரு புது பிரஷ் கெடந்துச்சு. மறந்துட்டீங்கம்மான்னு கூப்பிட்டேன், திரும்பிப் பாக்காமப் போயிட்டாங்க.

டாக்டருங்களுக்கு எங்க போனாலும் தொழில் புத்தி போகாது பாப்பா.

அண்ணன்

ஆகஸ்ட் 3

அண்ணனுக்கு,

எல்லாரும் நல்லா இருக்கோம். உன் கடுதாசியை மாப்பிள்ளைக்குப் படிச்சுக் காட்டினேன். “என்ன, மச்சான் கார்லயே குடித்தனம் வச்சிட்டாரா? பால் காய்ச்சினப்போ நம்மளைக் கூப்பிடலியே”ன்னு ஒரே கேலி. நானும் சிரிச்சேன். சிரிச்சிட்டு, துணி மடிக்க உக்காந்தேன். மடிச்சதையே திரும்பத் திரும்ப மடிச்சிருக்கேன். பல் பிரஷ்ஷுக்கு மகன் வீட்டுல இடம் இல்லையா அண்ணே?

சரி. இதோட ஒரு பார்சல் வரும். பழைய லாட்ஜ் தலையணை உறையை வெட்டி, சின்னச் சின்னப் பையாத் தைச்சு, அடுப்புக்கரி நெரப்பியிருக்கேன். சீட்டுக்கு அடியில ஒண்ணு, டிக்கில ஒண்ணு, மேல கைப்பிடியில ஒண்ணுன்னு தொங்கவிடு. முதல்ல பகல் பூரா கதவைத் தொறந்து போட்டுக் காய விடு. அப்புறம் கண்ணாடி எல்லாம் ஏத்து. அந்தப் பாதிக் கண்ணாடியோட இடுக்கை மூடி ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டு. ரெண்டு ராத்திரி பூட்டி வைக்கணும். அந்த ரெண்டு ராத்திரியும் உள்ள யாரும் ஏறக்கூடாது. ஒரு ஆளோட மூச்சு பட்டாலும் கரி அதைத்தான் குடிக்கும், காரோட ஈரத்தைக் குடிக்காது. இதுக்கு மேல என்கிட்ட பெரிய வைத்தியம் இல்ல.

தங்கச்சி

ஆகஸ்ட் 14

பாப்பாவுக்கு,

நான் சொகம். பார்சல் வந்துச்சு. உன் தையலைப் பாத்ததும் சின்ன வயசுல என் கால்சட்டைக்கு நீ போட்ட ஒட்டு ஞாபகம் வந்துச்சு. துணி கிழிஞ்சாலும் கிழியும், ஒட்டு கிழியாது.

மாப்பிள்ளை கேலியைப் படிச்சு நல்லாச் சிரிச்சேன்னு சொல்லு. மறக்காமச் சொல்லு.

ஒரு சந்தேகம். ஒரு மணி நேரத்துல முடியிற மாதிரி வேற வைத்தியம் ஏதாவது இருக்கா? இல்ல பகல்ல ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம்னா கூட பரவாயில்ல. ரெண்டு ராத்திரிங்கிறது கொஞ்சம் கஷ்டம். இப்பல்லாம் ராத்திரியில சவாரி வருது.

அண்ணன்

ஆகஸ்ட் 22

அண்ணனுக்கு,

சொகமா இருக்கியான்னு கேக்க மாட்டேன். கேட்டா சொகம்னுதான் எழுதுவ.

ராத்திரி சவாரியா? கண்ணுல பொரை விழுந்ததுலேருந்து இருட்டினா சாவியைத் தொடுறது இல்லைன்னு போன வருஷம் எழுதினது நீதானே? உன்னையா பூட்டச் சொன்னேன், காரைத்தானே பூட்டச் சொன்னேன்? கார் சும்மா நிக்கிறதுல உனக்கு என்ன கஷ்டம்? கரியைப் போட்டுப் பூட்டிட்டு, சாவியை மகன்கிட்ட குடுத்துட்டு, காலை நீட்டிப் படு. அந்த டாக்டரம்மா சவாரி வேணுமா வேண்டாமா?

தங்கச்சி

செப்டம்பர் 24

அண்ணனுக்கு,

உன்கிட்டேருந்து கடுதாசியே இல்ல. நான் கொஞ்சம் கடுசா எழுதிட்டேன்னு கோவமா? கோவம்னா கோவம்னு ஒரு வரி போடு. உன் மாப்பிள்ளை தினம் தபால்காரரை நிறுத்தி விசாரிக்கிறாரு. அந்த ஆள் இப்ப வேற தெரு வழியாப் போறாராம்.

தங்கச்சி

அக்டோபர் 11

பாப்பாவுக்கு,

கோவமெல்லாம் இல்ல. உன் மேல கோவப்பட்டு நான் எங்க போறது? கொஞ்சம் காய்ச்சல், அது நெஞ்சுல இறங்கி உக்காந்துக்கிச்சு. இப்ப பரவாயில்ல. எழுத்து கோணலா இருந்தா அதான் காரணம். நீங்க ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்க?

நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். கரியைத் தொங்கவிட்டேன், தாளை ஒட்டினேன், ரெண்டு ராத்திரி பூட்டினேன். ஒரு ஈ கூட உள்ள போகல.

அந்த ரெண்டு நாள்ல ரயில்வே ஸ்டேஷன் வெயிட்டிங் ஹால்ல ஒரு ஆள் பழக்கமானாரு. அவரு கதையைச் சொல்லணும். அங்க பெஞ்சுல ஆளுக்கு ஆள் நடுவுல இரும்புக் கைப்பிடி வச்சிருக்காங்க, யாரும் படுக்கக் கூடாதுன்னு. உக்காரலாம், சாயலாம், படுக்க முடியாது. இந்த ஆள் என்ன பண்றாருன்னா, அந்தக் கைப்பிடிக்குள்ள உடம்பை நுழைச்சு, பாம்பு மாதிரி வளைஞ்சு படுக்கிறாரு. எனக்கும் சொல்லிக் குடுத்தாரு. “முதல்ல இடுப்பு, அப்புறம் தோள், அவசரப்படக் கூடாது பெரியவரே”ன்னாரு. எனக்கு இடுப்போட நின்னு போச்சு. உள்ளயும் போகல, வெளியவும் வரல. ரெண்டு போர்ட்டர் வந்து இழுத்தாங்க. அவருக்கு ஒரே சிரிப்பு. எந்த ரயிலுக்குக் காத்திருக்கீங்கன்னு கேட்டேன். “நான் ரயிலுக்குக் காத்திருக்கல, நீங்க?”ன்னாரு. நான் என் காருக்குக் காத்திருக்கேன்னேன். என்னைவிடப் பெரிய கதை விடுறவன்னு நினைச்சிருப்பாரு. அங்க தரை ரொம்பச் சில்லு, மேல ஃபேன் வேற. அதுலதான் காய்ச்சல் புடிச்சிருக்கும்.

ஆனா பாப்பா, நீ கெட்டிக்காரி. மூணாம் நாள் கதவைத் தொறந்தா, வாடையே இல்ல! புதுக் கார் மாதிரி. கூரைத் துணி மொறுமொறுன்னு காஞ்சிருக்கு. டாக்டரம்மா ஏறினாங்க, கைக்குட்டையைக் கையில எடுத்தாங்க, மூக்கு வரைக்கும் கொண்டு போனாங்க, திரும்பப் பைக்குள்ள வச்சிட்டாங்க. நான் கண்ணாடியில பாத்துக்கிட்டே ஓட்டினேன். அன்னைக்கு மாதிரி நான் வண்டி ஓட்டி ரொம்ப நாள் ஆச்சு.

நாலே நாள்தான். திரும்ப வந்துடுச்சு. காய்ச்சலோட, இருமலோட, கண்ணாடி ஏத்தித்தானே… திரும்ப வந்துடுச்சு.

இப்ப மழை வேற புடிச்சிருக்கு. அந்தம்மா கண்ணாடியை இறக்கினா நனையிறாங்க, ஏத்தினா மூச்சு முட்டுது. “மழை நிக்கட்டும் டிரைவர் ஐயா, நானே கூப்பிடுறேன். உடம்பைப் பாத்துக்குங்க”ன்னு சொல்லிட்டாங்க. சொல்லும்போது அவங்க என் மூஞ்சியைப் பாக்கல, நானும் அவங்களைப் பாக்கல.

கார்ல ஒரு குறையும் இல்ல பாப்பா. அதை நீ தெரிஞ்சுக்கணும்னுதான் இவ்வளவு எழுதினேன். நாத்தம் கார்ல இல்ல. எனக்கு இனிமே வைத்தியம் எதுவும் எழுத வேண்டாம். அலுப்பா இருக்கு.

அண்ணன்

அக்டோபர் 20

அண்ணனுக்கு,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். உன் கடுதாசியைப் படிச்சேன். நான் உன்னை ஒரு கேள்வியும் கேக்கப் போறது இல்ல.

நேத்து உன் மாப்பிள்ளை உன் மகனுக்குப் போன் போட்டாரு. நான் பக்கத்துல நின்னேன், அவரு கேட்டுக் கேட்டு எனக்குச் சைகையில சொன்னாரு. “அப்பாவுக்கு டாக்சி ஸ்டாண்டுலயே ரூம் குடுத்திருக்காங்களே மாமா. மார்ச்சுலயே போயிட்டாரு. ஃபேன், கட்டில் எல்லாம் இருக்காம். எப்பவாவது ஞாயித்துக்கிழமை வந்து புள்ளையைப் பாப்பாரு, இப்ப கொஞ்ச நாளா காணோம், வேலை அதிகம் போல”ன்னு அவன் சொல்லியிருக்கான். நல்ல புள்ளை, நம்பித்தான் சொல்றான். உன் மாப்பிள்ளை போனைக் கையில வச்சுக்கிட்டு என் மூஞ்சியைப் பாத்தாரு. ஒண்ணும் சொல்லிடாதீங்கன்னு நான் தலையை ஆட்டினேன். “ஆமாமா, நல்ல ரூம்னு எங்களுக்கும் எழுதியிருந்தாரு”ன்னு சொல்லி வச்சிட்டாரு. நேத்து ராத்திரி கட்டில் அதிரவே இல்ல, அவரு குறட்டையே விடல.

வைத்தியம் வேண்டாம்னு எழுதியிருக்க. இது கடைசி. இதுல ஒண்ணையும் உன் இஷ்டத்துக்கு மாத்தாத.

காருக்குள்ள இருக்கிறதை எல்லாம் வெளிய எடு. அந்தப் பெட்டியில இருக்கிறதையும் எடு. தலையணை, போர்வைன்னு ஏதாவது இருந்தா அங்கயே யாருக்காவது குடுத்துடு, இங்க ஒரு லாட்ஜ் நெறையத் தலையணை இருக்கு. மழை விட்ட ஒரு நாளாப் பாரு. கண்ணாடி எல்லாத்தையும் இறக்கு. வெளிச்சம் வந்ததும் கிளம்பு, வெளிச்சம் போறதுக்குள்ள இங்க வந்து சேரு. வழி பூரா காத்து உள்ள புகுந்து வெளிய போகட்டும். வந்ததும் லாட்ஜ் பின்பக்கம் நிறுத்தி, கதவு நாலையும் தொறந்து விட்டுடு. அதுக்கப்புறம் ராத்திரியில அதுக்குள்ள யாரும் ஏறக்கூடாது. ரெண்டு ராத்திரின்னு சொல்லல. எந்த ராத்திரியும்.

தங்கச்சி வீட்டுல போய் உக்காந்து சாப்பிடுறதான்னு உனக்குத் தோணும். நீ கடுதாசியை மூடி வைக்கிறதுக்குள்ள தோணிடும், எனக்குத் தெரியும். உன்னை உக்கார விடுறதா இல்ல. எனக்கு முழங்கால் வளையல, மாடிக்கு வாளி தூக்க ஆள் வேணும். ஸ்டேஷன்லேருந்து ஆளுங்களைக் கூட்டிட்டு வர முதலாளி ஒரு காரு தேடிக்கிட்டு இருக்காரு, பகல்ல மட்டும். வாடை அடிக்காத காரா இருக்கணும்னாரு. அதுக்கு நான் பொறுப்புன்னு சொல்லிட்டேன். என் வார்த்தையைக் காப்பாத்து.

முன் ரூம்ல கட்டில் போட்டாச்சு. இருமினாலும் பரவாயில்ல, எனக்குத்தான் காது கேக்காதே.

தங்கச்சி

நவம்பர் 2

பாப்பாவுக்கு,

திங்கக்கிழமை கிளம்புறேன். இந்தக் கடுதாசி எனக்கு முன்னாடி வந்து சேந்துடும்.

மகன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்தேன். தங்கச்சிக்கு முழங்கால் முடியல, என்னைக் கூப்பிடுறான்னு சொன்னேன். பேரன் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு எழுந்து நிக்கிறான். குனிஞ்சு பாத்தேன்.

டாக்டரம்மாகிட்டயும் சொல்லிக்கிட்டேன். அந்தப் பொய்ப்பல்லை அவங்ககிட்டயே குடுத்துட்டேன், ஆள் எப்பவாவது பல்லைத் தேடி வருவாரு இல்லையா? அதை வாங்கி வச்சுக்கிட்டு, எனக்கு ஒரு பிரஷ் குடுத்தாங்க. போன தடவை குடுத்ததே இருக்குதேம்மான்னேன். “இது வீட்டுல வச்சுக்கிறதுக்கு”ன்னாங்க.

கண்ணாடி மூணுதான் முழுசா இறங்கும். நாலாவது பாதியிலயே நிக்கும், அதை மன்னிச்சுக்க.

மாப்பிள்ளையை நல்லாக் குறட்டை விட்டுத் தூங்கச் சொல்லு. சத்தம் தாங்கலன்னா நான் போய்க் கார்ல படுத்துக்கிறேன், எனக்கு அது பழக்கந்தான்னு எழுத வந்தேன். நீதான் யாரும் ஏறக்கூடாதுன்னுட்டியே. அவரு விடட்டும், நான் கேட்டுக்கிட்டே படுத்திருக்கேன்.

அண்ணன்